சிட்டிங் எம்.எல்.ஏ.வும் பி ஃபார்மும்: அல்சூர்ப் பகுதியின் தேர்தல் கணக்கு

கர்நாடகச் சட்டமன்றத்தின் 224 தொகுதிகளில் அல்சூர் என்ற பெயரில் இன்று ஒன்றுமில்லை. ஆனாலும் பெங்களூரின் அல்சூர் ஏரிக்கரையிலும் பஜார் தெருவிலும் கௌதமபுரத்திலும் ‘நம்ம எம்.எல்.ஏ.’ என்ற பேச்சுக்குக் குறைவில்லை. அல்சூர் வார்டு சிவாஜிநகர்த் தொகுதியில் இருக்கிறது. பக்கத்து ஜோகுபாளையம் சாந்திநகரோடு போயிற்று. கிழக்கே கொஞ்சம் நடந்தால் சி.வி. ராமன் நகர்த் தொகுதி வந்துவிடும். வடக்கே ஃபிரேசர் டவுன் பக்கம் புலிகேசிநகர். 2008இல் தொகுதிகளை மறுவரையறை செய்தபோது பாரதிநகர், ஜெயமஹால் என்ற பழைய கண்டோன்மெண்ட் தொகுதிகள் மறைந்தன. ஒரே ரேஷன் கடைப் பேச்சு, ஒரே ஆடிக் கிருத்திகைத் தெப்பம், ஆனால் ஓட்டுப் போடுவது வேறு வேறு பெட்டியில்.

இந்தப் பகுதியைக் கவனிக்கக் காரணம் இருக்கிறது. 1985இல் ராமகிருஷ்ண ஹெக்டே மீண்டும் வென்றபின் 2023 வரை ஆளுங்கட்சி எதையும் கர்நாடகம் தொடர்ந்து இரண்டாம் முறை ஆட்சியில் உட்கார வைத்ததில்லை. அப்படிப்பட்ட மாநிலத்தின் தலைநகரில், இந்தக் கண்டோன்மெண்ட் பட்டையில் எம்.எல்.ஏ.க்கள் அசைக்க முடியாதவர்களாக இருக்கிறார்கள். சாந்திநகரில் என்.ஏ. ஹாரிஸ், சர்வஞ்ஞ நகரில் கே.ஜே. ஜார்ஜ், சி.வி. ராமன் நகரில் பா.ஜ.க.வின் எஸ். ரகு, மூவரும் 2008, 2013, 2018, 2023 என்று நான்கு தேர்தல்களிலும் வென்றவர்கள். சிவாஜிநகரில் ரோஷன் பெய்க் 2008 முதல் மூன்று முறை வென்றார். ஆட்சி மாறினாலும் ஆள் மாறுவதில்லை.

இந்திய வாக்காளர் பதவியில் இருப்பவரைத் தண்டிப்பவர் என்பது ஆய்வாளர்களிடையே பழகிய கருத்து. பொருளாதார அறிஞர் யோகேஷ் உப்பல் 1975 முதல் 2003 வரையிலான மாநிலத் தேர்தல்களை எடுத்துக்கொண்டு, மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் வென்றவர்களையும் தோற்றவர்களையும் அடுத்த தேர்தலில் ஒப்பிட்டுப் பார்த்தார். உறுப்பினராக இருப்பதே இங்கே வேட்பாளருக்குப் பாதகம் என்பது 2009இல் வெளிவந்த அவருடைய கட்டுரையின் முடிவு. பொதுவசதிகள் குறைந்த மாநிலங்களில் அந்தப் பாதகம் இன்னும் கூடுதல். அமெரிக்கக் கீழவையில் மீண்டும் நிற்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் வென்றுவிடுவது வழக்கம் என்பதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும்.

அப்படியானால் அல்சூர்ப் பக்கம் விதிவிலக்கா? நான் அப்படி நினைக்கவில்லை. இங்கேயும் சிட்டிங் எம்.எல்.ஏ. வீழ்வது உண்டு. வாக்குச்சாவடிக்கு வந்து வீழ்வதில்லை, அதற்கு முந்தைய கட்டத்திலேயே வீழ்ந்துவிடுகிறார். ‘மீண்டும் நிற்கிறேன்’ என்று ஓர் உறுப்பினர் மேடையில் சொல்லும்போது கேட்பவர்கள் வாக்காளர்கள். ஆனால் அந்தச் சொல் போய்ச் சேர வேண்டிய இடம் கட்சித் தலைமை. இதைப் பேச்சு நயத்துக்காகச் சொல்லவில்லை. சட்டத்தின் அமைப்பே அப்படி.

ஒரு காகிதத்தைக் கிட்டே வைத்துப் பார்க்கலாம். கர்நாடகத்தில் ‘டிக்கெட்’ என்றால் பேச்சு, ‘பி ஃபார்ம்’ கைக்கு வந்தால்தான் நிஜம். 1968ஆம் ஆண்டுச் சின்னங்கள் ஆணையின் 13ஆம் பத்தியிலிருந்து பிறக்கிறது அது. முதலில் ஏ படிவம்: எங்கள் கட்சியின் சார்பில் வேட்பாளரை அறிவிக்க இன்னாருக்கு அதிகாரம், அவருடைய மாதிரிக் கையெழுத்து இது என்று கட்சி தேர்தல் அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது. அடுத்தது பி படிவம்: இந்தத் தொகுதியில் எங்கள் வேட்பாளர் இவர், இவருடைய மனு தள்ளுபடியானால் மாற்று வேட்பாளர் அவர். இரண்டிலும் மையால் கையெழுத்து இட வேண்டும். நகல் கையெழுத்தோ ரப்பர் ஸ்டாம்போ செல்லாது. மனுத்தாக்கலின் கடைசி நாள் மாலை 3 மணிக்குள் தேர்தல் நடத்தும் அதிகாரியின் கையில் இருக்க வேண்டும். 3.05க்கு வந்தால் ஐந்து முறை வென்றவராக இருந்தாலும் கட்சிச் சின்னம் இல்லை.

அந்தக் கையெழுத்தின் கனம் தமிழ்நாட்டு வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். 2016 நவம்பரில் திருப்பரங்குன்றம் இடைத்தேர்தல் நடந்தபோது ஜெயலலிதா அப்பல்லோ மருத்துவமனையில் இருந்தார். அ.தி.மு.க. வேட்பாளர் ஏ.கே. போஸின் படிவத்தில் கையெழுத்துக்குப் பதில் அவருடைய இடது பெருவிரல் ரேகை இருந்தது. தோற்ற தி.மு.க. வேட்பாளர் வழக்குத் தொடுத்தார். 2019 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தேர்தலே செல்லாது என்றது. அதற்குள் போஸ் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. பெரும்பான்மை வாக்குப் பெற்று, பதவியேற்று, பதவியிலேயே இறந்துபோன ஒருவரின் வெற்றியைக் கட்சித் தலைமையின் ஒரு ரேகை செல்லாததாக்க முடிந்தது.

பி படிவம் இல்லாதவர் நிற்கவே முடியாதா என்றால், முடியும். சட்டமன்றத் தேர்தலுக்கு 10,000 ரூபாய் டெபாசிட், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 5,000. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்குத் தொகுதி வாக்காளர் ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் அந்தக் கதவு வழியாக உள்ளே போய்த் திரும்பி வந்த சிட்டிங் எம்.எல்.ஏ.க்களை இந்தப் பகுதியில் விரல்விட்டு எண்ணக்கூட வேண்டியதில்லை.

சிவாஜிநகரில் 2019இல் நடந்தது இந்தக் கட்டுரைக்கே எழுதிக் கொடுத்ததுபோல இருக்கும். ரோஷன் பெய்க் 1980களில் ஜனதா வழியாக அரசியலுக்கு வந்தவர். பின்னர் காங்கிரசில் ஜெயமஹால் உறுப்பினராகவும், 2008 முதல் சிவாஜிநகர் உறுப்பினராகவும் இருந்தார். 2018இல் பா.ஜ.க.வின் கட்டா சுப்ரமண்ய நாயுடுவை 15 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். நாயுடுவும் சின்ன ஆள் இல்லை. 1999, 2004 இரண்டு தேர்தல்களிலும் இதே சிவாஜிநகரில் வென்று, 2008இல் ஹெப்பாலுக்குப் போனவர். 2019 மக்களவைத் தேர்தலில் பெங்களூரு மத்தி டிக்கெட்டை பெய்க்கும் எதிர்பார்த்திருந்தார். கட்சி அதை இளைஞர் காங்கிரசிலிருந்து வளர்ந்த ரிஸ்வான் அர்ஷத்துக்குக் கொடுத்தது. அர்ஷத் தோற்றார். முடிவு வருவதற்கு முன்பே பெய்க் மாநிலத் தலைவர்களை வெளிப்படையாகத் திட்டத் தொடங்கிவிட்டார். ஜூனில் கட்சி அவரை இடைநீக்கம் செய்தது. ஜூலையில் அவர் உறுப்பினர் பதவியை ராஜினாமா செய்தார்.

முதலமைச்சர் குமாரசாமியின் கூட்டணி அரசு கவிழ்ந்த மாதம் அது. ராஜினாமா செய்தவர்களையும் கொறடா உத்தரவை மீறியவர்களையும் சேர்த்து 17 பேரைச் சபாநாயகர் ரமேஷ் குமார் தகுதிநீக்கம் செய்தார். அதோடு நிற்கவில்லை, அந்தச் சட்டமன்றத்தின் காலம் முடியும் 2023 வரை அவர்கள் போட்டியிடவே முடியாது என்றும் உத்தரவிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2019 நவம்பர் 13 அன்று நீதிபதி என்.வி. ரமணா தலைமையிலான அமர்வு, தகுதிநீக்கம் சரி, ஆனால் எவ்வளவு காலம் நிற்கக்கூடாது என்று சொல்லச் சபாநாயகருக்கு அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது. டிசம்பர் 5 இடைத்தேர்தலில் அவர்கள் நிற்கலாம் என்றாயிற்று.

மறுநாளே பதினாறு பேர் பா.ஜ.க.வில் சேர்ந்தார்கள். பதினேழாவது ஆள் ரோஷன் பெய்க். அவரை மட்டும் கட்சி எடுத்துக்கொள்ளவில்லை. அப்போது நகரத்தில் ஐ.எம்.ஏ. நிதி நிறுவன மோசடி பெரிய பேச்சாக இருந்தது. பணத்தை இழந்தவர்களில் ஏராளமானோர் சிவாஜிநகர்ப் பக்கத்து எளிய குடும்பத்தினர். அந்த வழக்கில் பெய்க் பெயரும் விசாரணையில் இருந்தது. 2020 நவம்பரில் சி.பி.ஐ. அவரைக் கைதும் செய்தது. கைவிட்ட கட்சிக்குத் திரும்ப முடியாது, எதிர்பார்த்த கட்சியின் கதவு திறக்காது. சட்டம் நிற்கலாம் என்று சொன்ன பிறகும் அவர் நிற்கவில்லை. உச்ச நீதிமன்றம் கொடுத்த உரிமையை ஒரு பி படிவம் இல்லாததால் பயன்படுத்த முடியாமல் போன உதாரணம் இதைவிடத் தெளிவாக வேறு இருக்குமா என்று தெரியவில்லை.

மற்றவர்களுக்கு என்ன ஆயிற்று? 15 தொகுதிகளில் இடைத்தேர்தல் நடந்தது. தகுதிநீக்கமானவர்களில் 13 பேருக்கு பா.ஜ.க. டிக்கெட் கொடுத்தது. அவர்களில் 11 பேர் வென்று திரும்பினார்கள். ஹுன்சூரில் எச். விஸ்வநாத்தும் ஹொசகோட்டையில் எம்.டி.பி. நாகராஜும் மட்டும் தோற்றார்கள். உப்பலின் ஆய்வு சொல்லும் பாதகம் இங்கே எங்கே போனது? ஆளுங்கட்சியின் சின்னம், அமைச்சர் பதவியின் வாசனை இரண்டும் அதை விழுங்கிவிட்டன என்றுதான் சொல்ல வேண்டும். வாக்காளர் கட்சி மாறியவரை மன்னித்தார் என்று எழுதுவது எளிது. மன்னிப்பதும் தண்டிப்பதும் அவர் முன் வைக்கப்பட்ட பட்டியலுக்குள்தான் என்பதை அதோடு சேர்த்து எழுத வேண்டும்.

சிவாஜிநகரில் காங்கிரஸ் நிறுத்தியது ரிஸ்வான் அர்ஷத்தை. மக்களவை டிக்கெட் விஷயத்தில் பெய்க்கின் கோபத்துக்கு ஆளானவரே அவருடைய சட்டமன்ற இடத்துக்கும் வந்தார். பா.ஜ.க. நிறுத்தியது எம். சரவணாவை, முன்னாள் கார்ப்பரேட்டர், தமிழ் பேசுபவர். அல்சூர்த் தமிழ் ஓட்டைக் கணக்கிட்டுத்தான் அவருக்கு டிக்கெட் என்று ஊரெல்லாம் பேச்சு. அர்ஷத் 13 ஆயிரத்துச் சொச்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வாக்காளர்களில் பாதிப்பேர்கூட வாக்களிக்கவில்லை. பதிவு சுமார் 48 சதவீதம்.

அந்தத் தமிழ் ஓட்டு என்கிற கணக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அல்சூர்த் தமிழர்கள் நேற்று வந்தவர்கள் இல்லை. கண்டோன்மெண்ட் உருவான பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே படைக்கும் கட்டட வேலைக்கும் வணிகத்துக்கும் வந்தவர்களின் வழித்தோன்றல்கள். மதராஸ் சாப்பர்ஸ் என்ற படைப்பிரிவின் தலைமையகம் ஏரியை ஒட்டித்தான் இருக்கிறது. இன்று உயர்நீதிமன்றம் இயங்கும் அட்டாரா கச்சேரியைக் கட்டிய ஒப்பந்தக்காரர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். அவர் 1873இல் தொடங்கிய பள்ளியின் வழிவந்த நிறுவனங்கள் இன்றும் ஏரிக்கருகே நடக்கின்றன. எதிரே இருக்கும் விதான சௌதாவைக் கட்டி முடித்த அரசுத் தலைமைப் பொறியாளர் பி.ஆர். மாணிக்கம். சட்டமன்றக் கட்டடத்துக்குக் கைகொடுத்த சமூகத்துக்கு அதன் உள்ளே உட்கார டிக்கெட் கிடைப்பதுதான் கஷ்டம் என்று உள்ளூர்ப் பெரியவர்கள் கிண்டலாகச் சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு.

ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலையை நினைத்துப் பாருங்கள். பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியால் 1991இல் தயாரான அந்தச் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்தது. 1991 காவிரிக் கலவரம் நடந்த ஆண்டு. சிலையைத் திறக்க எந்த அரசும் துணியவில்லை. 2009 ஆகஸ்ட் 9 அன்று எடியூரப்பா முன்னிலையில் கருணாநிதி திறந்து வைத்தார். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. இரண்டு முதலமைச்சர்களுக்கும் பெருமை சேர்த்த நிகழ்ச்சி, சந்தேகமில்லை. ஆனால் கட்சிகள் இந்தப் பகுதித் தமிழரை எப்படிப் பார்க்கின்றன என்பதற்கும் அது ஒரு தடயம். இவர்களுக்கு அடையாளமாக ஏதாவது தரலாம், வேட்பாளர் பட்டியலில் இடம் தருவது வேறு விஷயம். 2019இல் சரவணாவுக்குக் கிடைத்தது கட்சி தொடர்ந்து மூன்று முறை தோற்றிருந்த தொகுதி என்பதையும் மறக்கக்கூடாது.

இதற்கு நேர் எதிரான உதாரணம் கோலார் தங்கவயல். அங்கேயும் தமிழர் அதிகம். ஆனால் அங்கே தொழிற்சங்கமும் அம்பேத்கர் இயக்கமும் வேரூன்றியிருந்ததால் டெல்லியையோ பெங்களூரையோ எதிர்பார்க்காத கட்சிகள் இருந்தன. 1983இல் அ.தி.மு.க.வின் எம். பக்தவத்சலம், 1985இல் மார்க்சிஸ்ட் கட்சியின் டி.எஸ். மணி, 1989இல் மறுபடி பக்தவத்சலம், 1994இல் குடியரசுக் கட்சியின் எஸ். ராஜேந்திரன், 1999இல் பக்தவத்சலம், 2004இல் ராஜேந்திரன். அடுத்த இரண்டு முறையும் பா.ஜ.க. வென்றது, ஆனால் ஆள் மாறினார். முப்பது ஆண்டுகளில் ஒருவரையும் அந்த ஊர் அடுத்தடுத்து இரண்டு முறை அனுப்பவில்லை. வெளியே தள்ளி, ஒரு தவணை காத்திருக்க வைத்து, பிறகு கூப்பிட்டுக்கொண்டது. தண்டிக்கவும் திருப்பி அழைக்கவும் உள்ளூரிலேயே ஆள் இருந்தார்கள். 2001இல் சுரங்கம் மூடியது. தொழிலாளி நகரம் பெங்களூருக்கு ரயிலேறும் நகரமாயிற்று. உள்ளூர்க் கட்சிகள் தேய்ந்தன. 2018இலும் 2023இலும் காங்கிரசின் ரூபகலா, மூத்த தலைவர் கே.எச். முனியப்பாவின் மகள், தொடர்ந்து வென்றார். தங்கவயலும் அல்சூர்ப் பக்கத்து வழக்கத்துக்கு வந்துவிட்டது என்று நான் இதைப் படிக்கிறேன்.

புலிகேசிநகரின் கதை இன்னும் கசப்பானது. அகண்ட சீனிவாச மூர்த்தி 2013இல் மதச்சார்பற்ற ஜனதா தளத்தில் வென்று, 2018இல் காங்கிரசுக்கு மாறி, 81 ஆயிரத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் மீண்டும் வென்றார். அந்தத் தேர்தலில் மாநிலத்திலேயே மிகப்பெரிய வித்தியாசம் அதுதான். 2020 ஆகஸ்ட் 11 இரவு, அவருடைய உறவினர் போட்டதாகச் சொல்லப்பட்ட முகநூல் பதிவை ஒட்டிக் கலவரம் வெடித்தது. காவல் பைரசந்திராவில் அவர் வீடு எரிந்தது, டி.ஜே. ஹள்ளி காவல் நிலையம் தாக்கப்பட்டது, துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. அவருடைய கட்சியைச் சேர்ந்த முன்னாள் மேயர் ஒருவரே அந்த வழக்கில் கைதானார்.

2023 வந்தது. காங்கிரஸ் 2022 நவம்பரிலேயே டிக்கெட் விரும்புவோரிடம் விண்ணப்பம் வாங்கியிருந்தது. விண்ணப்பப் படிவத்துக்கு 5,000 ரூபாய், அதோடு பொதுப்பிரிவினர் 2 லட்சம், பட்டியல் இனத்தவர் 1 லட்சம் டி.டி. எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் விருப்ப மனு, நேர்காணல் என்று நடப்பதன் கர்நாடக வடிவம் இது. சிட்டிங் எம்.எல்.ஏ.வும் ஆசைப்படுபவரும் ஒரே வரிசை. முந்தைய தேர்தலில் மாநிலத்திலேயே மிகப்பெரிய வித்தியாசம் காட்டியவரின் பெயர் முதல் பட்டியலில் இல்லை, அடுத்ததிலும் இல்லை. ஏப்ரல் 16 அன்று மூர்த்தி உறுப்பினர் பதவியையும் கட்சியையும் விட்டு விலகினார். பகுஜன் சமாஜ் சின்னத்தில் நின்றார். காங்கிரசின் புது வேட்பாளர் ஏ.சி. சீனிவாசா 62 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஐந்தாண்டுக்கு முன் 81 ஆயிரம் வித்தியாசம் யாருடையது என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

ஏன் அவருக்கு டிக்கெட் மறுக்கப்பட்டது? காரணம் சொல்லும் கடமை கட்சிக்கு இல்லை. இதில் ஒரு வேடிக்கையான முரண் இருக்கிறது. குற்ற வழக்கு உள்ள ஒருவரை நிறுத்தினால், ஏன் அவரை நிறுத்துகிறோம் என்பதைக் கட்சி பத்திரிகையிலும் தன் இணையதளத்திலும் வெளியிட வேண்டும், ‘வெற்றி வாய்ப்பு’ மட்டும் காரணமாக முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் உத்தரவிட்டது. வழக்கு இருப்பவரைச் சேர்ப்பதற்குக் காரணம் எழுத வேண்டும். வாக்காளர் இரண்டு முறை தேர்ந்தெடுத்த ஒருவரை நீக்குவதற்கு ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை.

இது ஒரு கட்சியின் குணம் இல்லை. அதே 2023இல் பா.ஜ.க. ஆறு முறை எம்.எல்.ஏ.வாக இருந்த முன்னாள் முதலமைச்சர் ஜெகதீஷ் ஷெட்டருக்கு டிக்கெட் மறுத்தது. அவர் காங்கிரசுக்குப் போய் ஹுப்பள்ளியில் நின்று, 34 ஆயிரம் வாக்கில் தோற்றார். மலேசியாவில் பினாங்கு மாநிலத் துணை முதல்வராகப் பதினைந்து ஆண்டுகள் இருந்த பேராசிரியர் பி. ராமசாமியைப் பிறை தொகுதியில் மீண்டும் நிறுத்த அவருடைய ஜனநாயக செயல் கட்சி 2023இல் மறுத்துவிட்டது. அவரும் கட்சியை விட்டு வெளியேறினார். அமெரிக்காவில் 1903இல் விஸ்கான்சின் மாநிலம் வழிகாட்டிய முறையில், யார் வேட்பாளர் என்பதையே கட்சி ஆதரவாளர்கள் வாக்களித்து முடிவு செய்கிறார்கள். அதனால்தான் அங்கே ஓர் உறுப்பினர் ‘மீண்டும் போட்டியிடுகிறேன்’ என்று அறிவித்தால் அது செய்தி. நம்மிடம் அது விண்ணப்பம்.

புலிகேசிநகரில் தமிழ் வாக்காளருக்கு ஒரு துணைக்கதையும் நடந்தது. அ.தி.மு.க. டி. அன்பரசனை வேட்பாளராக அறிவித்தது. கூட்டணிக் கட்சியான பா.ஜ.க. கேட்டுக்கொண்டதும், வாபஸ் வாங்கும் கடைசி நாளில் அவரை விலக்கிக்கொண்டது. இரட்டை இலைக்கு ஓட்டுப் போடலாம் என்று காத்திருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

சிவாஜிநகரில் ரிஸ்வான் அர்ஷத்துக்கு 2023இல் இந்தத் தொல்லைகள் இல்லை. மார்ச் 25 அன்று வந்த காங்கிரசின் முதல் பட்டியலிலேயே பெயர் இருந்தது. அவருக்கு வேறொரு தலைவலி. 2022 நவம்பரில் சிலுமே என்ற தொண்டு நிறுவனத்தின் ஆட்கள் தேர்தல் அலுவலர்கள்போல வீடு வீடாகப் போய் வாக்காளர் விவரம் சேகரித்த விவகாரம் வெளியானது. சிவாஜிநகர், சிக்பேட்டை, மகாதேவபுரா ஆகிய மூன்று தொகுதிகளின் பட்டியலில் சேர்த்தவை, நீக்கியவை அனைத்தையும் மறுபடி சரிபார்க்கத் தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது. சிவாஜிநகரில் முகவரியில் இல்லை என்று ஒன்பதாயிரத்துச் சொச்சம் வாக்காளர்கள் மீது புகார் போய், அவர்களுக்கு நோட்டீஸ் வந்தது. பேரைக் காப்பாற்றிக்கொள்ள ஜனங்கள் ஆதாரும் கரண்ட் பில்லும் எடுத்துக்கொண்டு அலைந்தார்கள். அந்த நாட்களில் எம்.எல்.ஏ.வின் பிரச்சாரமும் வாக்காளர் பட்டியல் வேலையும் பிரித்தறிய முடியாதபடி ஒன்றாகிவிட்டன. மே 10 வாக்குப்பதிவில் அவர் பா.ஜ.க.வின் என். சந்திராவை 23,194 வாக்கில் தோற்கடித்தார். இடைத்தேர்தல் வித்தியாசத்தைவிடக் கிட்டத்தட்டப் பத்தாயிரம் அதிகம்.

இந்த வெற்றிக்குப் பின்னால், தேர்தல் ஆய்வாளர்கள் அதிகம் கவனிக்காத ஒரு காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். பெங்களூரு மாநகராட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றத்தின் காலம் 2020 செப்டம்பர் 10 அன்று முடிந்தது. அதன்பின் ஐந்தாண்டுகளுக்கும் மேலாகக் கார்ப்பரேட்டர்களே இல்லாமல் நகரம் ஓடியது. சாக்கடை அடைத்தால், குப்பை வண்டி வராவிட்டால், தெருவிளக்கு எரியாவிட்டால் போவதற்கு இருந்த ஒரே அரசியல் ஆள் எம்.எல்.ஏ. 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தபோது கார்ப்பரேட்டர், மாநகராட்சி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்று கேள்வி கேட்க மூன்று நான்கு வாசல்கள் இருந்தன. 2020க்குப் பிறகு அவற்றில் மக்கள் தேர்ந்தெடுத்த வாசல் அடைந்துவிட்டது. சட்டம் இயற்ற அனுப்பப்பட்டவர் வார்டு மேஸ்திரி ஆகிவிட்டார் என்று குறை சொல்வார்கள். குறை சொல்லப்படுபவருக்கு அது லாபமாகவும் இருந்தது. ஒவ்வொரு குழாய் இணைப்பும் அவர் பெயரில் வரவு வைக்கப்படுகிறது.

இன்னொரு லாபமும் உண்டு, அது பெரிது. இந்தப் பகுதியில் எம்.எல்.ஏ.வின் டிக்கெட்டுக்குப் போட்டியாளர்கள் வளர்வது மாமன்றத்தில்தான். 2019இல் சரவணா அங்கிருந்து வந்தவர். 2018இல் சி.வி. ராமன் நகரில் ரகுவை எதிர்த்து நின்ற காங்கிரஸ் வேட்பாளர் சம்பத் ராஜ் மேயராக இருந்தவர். ஒரு கார்ப்பரேட்டர் ஐந்து ஆண்டு வார்டில் வேலை பார்த்தால் அவருக்கென்று ஆட்கள் சேர்கிறார்கள், கட்சித் தலைமையின் கண்ணில் படுகிறார், அடுத்த தேர்தலில் விண்ணப்பம் போடுகிறார். மாமன்றமே இல்லையென்றால் நாற்றங்காலே இல்லை. போதாக்குறைக்கு, வார்டு இடஒதுக்கீடு தேர்தலுக்குத் தேர்தல் சுழல்வதால், இருக்கும் கார்ப்பரேட்டர் அதே வார்டில் மீண்டும் நிற்பது அபூர்வம். கணவர் வார்டு பெண்களுக்குப் போனால் மனைவி நிற்பார். மீண்டும் நிற்பதில் எம்.எல்.ஏ.வுக்கு இருக்கும் நிலையான தொகுதி அவருக்குக் கீழே இருப்பவருக்குக் கிடையாது.

2023இல் நிறைவேறிய மகளிர் இடஒதுக்கீட்டுச் சட்டத் திருத்தம் அந்தச் சுழற்சியைச் சட்டமன்றத்துக்கும் கொண்டுவருகிறது. மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் தொகுதி மறுவரையறையையும் அடுத்து அமலாகும், பின்னர் ஒவ்வொரு மறுவரையறையிலும் இடங்கள் மாறும் என்பது அதன் ஏற்பாடு. அப்போது சிவாஜிநகர் போன்ற தொகுதியில் ‘மீண்டும் நிற்கிறேன்’ என்ற சொல்லுக்குக் கட்சியோடு சேர்த்து வரைபடமும் சம்மதிக்க வேண்டியிருக்கும்.

அதற்கு முன் வரவேண்டியது உள்ளாட்சித் தேர்தல். பெங்களூரு பெருநகர ஆளுகைச் சட்டத்தின்கீழ் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் அவை செயலுக்கு வந்தன. மேலே முதலமைச்சர் தலைமையில் ஓர் ஆணையம், நகரத்து எம்.எல்.ஏ.க்களும் அதில் உறுப்பினர்கள். அந்த மசோதாவை ஆராய்ந்து திருத்தங்கள் சொன்ன சட்டமன்றக் கூட்டுக்குழுவின் தலைவர் சிவாஜிநகர் உறுப்பினர் ரிஸ்வான் அர்ஷத். தனக்குப் போட்டியாளர்களை வளர்க்கக்கூடிய மாமன்றங்களின் வடிவத்தை அவரே முன்நின்று வகுத்தார். அந்த மாமன்றங்களில் யார் உட்காருகிறார்கள், அவர்களில் யாருக்கு அல்சூரில் சொந்த ஆட்கள் சேர்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் 2028 சட்டமன்றத் தேர்தலுக்குக் கட்சி அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்கும்போது சிவாஜிநகருக்கு எத்தனை டி.டி. வரும் என்பது தெரியும்.